தூக்க முடியாத கை

என் வலது கையை முடக்கியது நீங்கள்தான், டாக்டர். மார்பை எடுத்ததைச் சொல்லவில்லை. அது புற்றுநோய், எடுத்தீர்கள், உயிரோடு இருக்கிறேன். கையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்பினீர்களே, அதைச் சொல்கிறேன்.

மலைமேல் திருப்புலி நாட்டில் நாங்கள் ஒற்றை மூங்கிலில் ஏறி மிளகு பறிக்கிறவர்கள். விழுந்து கை ஒடிந்தால் மூங்கில் பத்தை வைத்துச் சுற்றி, நாற்பது நாள் அசைக்காமல் வைப்போம். கைக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். நெஞ்சிலிருந்து அக்குள் வரை தையலோடு நான் ஊர் வந்து இறங்கியதும் என் வீட்டுக்காரர் பழைய வேட்டியைக் கிழித்துக் கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார். தையல் பிரிக்க அந்தக் கட்டோடுதான் உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். நர்ஸ் அவிழ்த்துப் பிரித்தார். நன்றாக ஆறிவிட்டது என்றீர்கள். ஏன் கட்டினாய் என்று கேட்கவில்லை. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் மறுபடி கட்டினார்.

நாற்பது நாள் கழித்து அவிழ்த்தால் கை தோள் வரைகூட எழவில்லை. வீங்கிப்போய், வளையலை அறுத்துத்தான் எடுத்தோம். இன்றும் ஜாக்கெட் போட்டுவிட மகள் வர வேண்டும்.

கீழே டவுனில் பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் போனேன். சுவரில் விரல்களை மேலே மேலே நகர்த்தச் சொன்னாள். நெஞ்சுத் தோல் கிழிவதுபோல் இழுத்தது. அழுதேன்.

"ஆபரேசன் முடிஞ்ச மறுநாளே மெதுவா அசைக்க ஆரம்பிச்சிருக்கோணுங்க அக்கா. ஆருமே சொல்லலீங்களா?"

"சொல்லியிருந்தா நான் எதுக்குங் கண்ணு கட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கறேன்? மொளகு பறிக்கறாப்புல கை வருமா, அத மட்டும் சொல்லு."

"முழுசா வரும்னு பொய் சொல்ல மாட்டேனுங்க."

வாசலில் நின்ற என் வீட்டுக்காரருக்கு அது கேட்டுவிட்டது. பஸ் மலை ஏறி நாங்கள் ஊரில் இறங்கிய பிறகு, நான்தானே உன் கையைக் கெடுத்துவிட்டேன் என்றார். இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் நம்பவில்லை. வீட்டுச் சுவரில் விரல் எட்டும் இடத்தில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக அந்தக் கோட்டைத் தாண்ட முடியவில்லை. இந்த வருடம் எங்கள் மிளகை வேறு ஆட்கள் பறித்தார்கள்.

வாசலூர்பட்டியில் மார்பகப் புற்றுநோய் முகாமில் நீங்கள் பேசப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். முன்வரிசையில் இருப்பேன். கட்டோடு வந்தவளைப் பார்த்தும் ஏன் வாய் திறக்கவில்லை? அங்கே வரும் பெண்கள் எல்லாரும் கேட்க, மைக்கில் பதில் சொல்லுங்கள்.