நிற்க வைக்க ஓர் ஆள்

நாற்காலிக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கல்யாணமோ சாவோ கட்சிக் கூட்டமோ, அவருடைய வாடகை நாற்காலியில் உட்காராத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. எல்லோரையும் உட்கார வைத்தே பிழைத்த மனிதர், மலையடிவாரத்தில் இருந்த தன் நாற்காலிக் கொட்டகை எரிந்த பிறகு ஒரே ஒருத்தரை நிற்க வைக்க ஆசைப்பட்டார். மின்சாரக் கம்பெனி மேலாளரை, கோர்ட்டுக் கூண்டில்.

கொட்டகைக்குப் பின்னால் சரிவில் போன மின்கம்பியை ஒரு மரக்கிளை உரசிக்கொண்டே இருந்தது. காற்றடித்தால் பொறி பறக்கும். கிளையை வெட்டச் சொல்லி கம்பெனிக்குப் போன் செய்தார். ஆள் வருகிறது என்றார்கள். மறுபடி செய்தார், அதே பதில். வந்தது தீதான். காய்ந்து கிடந்த சரிவு மொத்தமும் பற்றிக்கொண்டது. கொட்டகை, ஒட்டியிருந்த வீடு, தெருவில் பாதி எல்லாம் போயிற்று. உயிர் தப்பியதே பெரிது என்று சொன்னவர்களைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிந்ததும் கம்பெனி ஆட்கள் வந்து அறுந்த கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு துண்டு மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. கம்பியின் நுனி கிளையோடு சேர்ந்து நாற்காலி அடுக்கின் மேல் விழுந்திருந்தது. பிளாஸ்டிக் உருகி, இரண்டையும் விழுங்கி, இடுப்புயரக் கட்டியாக இறுகிப் போயிருந்தது.

அடுத்து கம்பெனி ஓர் உபகாரம் செய்ய வந்தது. இடிபாடுகளை இலவசமாக அள்ளித் தருகிறோம் என்றது. தெருவே கும்பிட்டது. நாற்காலிக்காரருக்கு மட்டும் உறுத்தியது. விருந்து முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கித் தர யாராவது தாமாக முன்வந்தால், அவர்கள் ஒன்றை உடைத்திருப்பார்கள். தொழிலில் அவர் கண்டது அது. கட்டியின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வக்கீலம்மாவிடம் போனார்.

வக்கீலம்மா போட்டோக்காரரோடு நேரில் வந்து பார்த்தார். இதைத் தொட்டால் கேஸ் போச்சு என்றார். எதையும் அகற்றக் கூடாதென்று கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். தனியாகவும் வழக்குப் போடலாம், வீடு இழந்தவர்கள் சேர்ந்தும் போடலாம், அவரவர் நஷ்டத்துக்கு ஈடு அவரவருக்கு. இன்ஷூரன்ஸ் இருந்தால் அதையும் கேட்கலாம். ஆனால் காலக்கெடு உண்டு, தூங்கிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடிபாட்டை அள்ளக் கம்பெனி நீட்டும் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதோடு சரி, அப்புறம் கோர்ட்டு வாசலையே மறந்துவிட வேண்டியதுதான்.

நாற்காலிக்காரர் மனைவிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவளுடைய அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அண்ணி கையிலிருந்து பாத்திரங்கள் முன்னைவிடச் சத்தமாக விழுந்தன. வீடு இருவர் பேரிலும் இருந்ததால் அவள் கையெழுத்தும் வேண்டும். பழிவாங்கி வீடு கட்ட முடியுமா, போட்டுத் தொலைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்று அவள் நச்சரித்தாள்.

மேலாளர் லாரியோடும் காகிதத்தோடும் எரிந்த இடத்துக்கே வந்தார். அவள் பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். நாற்காலிக்காரர் தடுக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

"இதுல என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"வழக்கமா எழுதறதுதாம்மா. இதோட எல்லாம் முடிஞ்சுது. இனிமே யாரும் யாரையும் எந்தக் கேள்வியும் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கு. கிளையை வெட்டச் சொல்லி இவர் போன் பண்ணப்ப, எடுத்தது யாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பழைய கதை."

அவள் உடுத்தியிருந்தது அண்ணியின் புடவை. செருப்பில் சொந்த வீட்டுச் சாம்பல் ஒட்டிக்கொண்டிருந்தது. பேனாவை மூடினாள்.

வெயில் தாங்காத மேலாளர், தார்ப்பாய் போர்த்திய கட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"எந்திரிங்க சார்," என்றார் நாற்காலிக்காரர். "அது சாட்சி."

மேலாளர் துள்ளி எழுந்தார். பேனாவை அவர் சட்டைப் பையில் அவளே செருகிவிட்டுச் சொன்னாள்:

"இருந்த நாற்காலியெல்லாம் நீங்க எரிச்சுட்டீங்க. உட்காருங்கன்னு சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. கூண்டுலயும் நின்னுகிட்டுதான் பதில் சொல்லணுமாம். இப்பவே பழகிக்கங்க சார்."

லாரி காலியாகத் திரும்பியது. கணவனும் மனைவியும் அண்ணன் வீட்டுக்கு நடந்தார்கள்.

"கேஸ் ரொம்ப நாள் இழுக்குமோ?" என்றாள்.

"இழுக்கும்."

"இழுக்கட்டும். அண்ணிய நான் பாத்துக்கறேன். அந்தாளு நிக்கற அன்னிக்கு என்னை முன்வரிசைல உட்கார வையுங்க, போதும்."