டேப்பின் மறுமுனை

இது கதை இல்லை. நடந்தது. தேதி, 2024 ஜூலை 18. வியாழக்கிழமை. நேரம், பட்டப்பகல். நான் எடுத்த படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் நேரமும் இடமும் பதிவாகியிருக்கிறது. நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. போலீஸிடமே வாதாடவில்லை.

பழனிசெட்டிபட்டியில், வீட்டுக்கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஊருக்குள் கட்டுகிற வீடு என்றால் எங்கள் இன்ஜினியர் மூன்று தடவை நேரில் போய்ப் பார்ப்பார். அஸ்திவாரம், சுவர், கூரை. மலைக்குடியிருப்புகளுக்கு எந்த இன்ஜினியரும் ஏற மாட்டார். ரோடு இல்லை. ஜீப் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதனாலேயே அந்த ஜனங்களுக்குக் கடன் கிடைக்காமல் இருந்தது.

போன வருஷம் விதியை மாற்றினோம். மலையில் இருக்கும் வீடுகளுக்குச் சுவரையும் கூரையையும் வீடியோ காலில் பார்த்தால் போதும். வேலை முடிந்ததும் ஒரே ஒருமுறை நேரில். வேறு யார் வீட்டையோ காட்டி ஏமாற்றிவிடக் கூடாதே என்று ஒரு நிபந்தனையும் வைத்தோம். கடன் வாங்கிய கணவனும் மனைவியும் அளக்கிற டேப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நிபந்தனையை எழுதியவன் நான்.

என் மனைவி ஜெபஷீலா இறந்து அப்போது ஏழு மாதம். மூளைக்காய்ச்சல். நான்கே நாள். அதற்குப் பிறகு எதுவும் என்மேல் ஒட்டவில்லை. வெயிலும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். மலை ஃபைல்களை எல்லாம் என் மேஜைக்கே தள்ளினார்கள். நானும் மறுக்கவில்லை.

அன்றைக்குப் போனது கரட்டுப்பாறைக்கு. பண்ணைப்புரத்துக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒன்பது வீடுகள். ஈஸ்வரபாண்டி என்பவனுடைய வீடு. அவனும் அவன் மனைவி நதியாவும் சேர்ந்து வாங்கிய கடன். நான் பார்த்து "பணி முடிந்தது" என்று கையெழுத்துப் போட்டால் ஃபைல் மூடப்படும். பிறகு அந்த வீட்டுச் சுவரை யாரும் அளக்கப் போவதில்லை.

ஜீப் ஓட்டியவர் சுருளிராஜன். வழியெல்லாம் பேச்சு.

"இறுக்கிப் பிடிங்க சார். இந்த வண்டியில பெல்ட்டும் கிடையாது, பிரேக்கும் பாதிதான். ஆமா, யாரு வீட்டுக்கு?"

சொன்னேன்.

"ராசிக்காரப் பய சார் அவன். பொண்டாட்டி ஓடுன கையோட வீடு எழும்பிருச்சு!"

"ஓடினாங்களா?"

"கேரளாவுக்கு. அவன்தான் சொன்னான். சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடக்கூட அந்தப் புள்ள வரல. எங்கன இருக்கோ, பாவம்."

சிவராத்திரி மார்ச் மாதம். நான் சொன்னேன்: "மே மாசம் நான் பார்த்தேனே."

"எங்கன வச்சு?"

"வீடியோல. இதே வீட்டுல."

சுருளிராஜன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கியரைத் தட்டி வண்டியை விரட்டினார்.

12:48. வீட்டு வாசல். முதல் படம்.

இரண்டு அறை. ஹாலோ பிளாக் கட்டடம். மேலே சிமெண்ட் ஷீட். கரண்ட் இன்னும் வரவில்லை. ஈஸ்வரபாண்டி பணிவாகத்தான் வரவேற்றான். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"வாங்க சார். மோர் குடிக்கிறீகளா?"

"வேண்டாம். வீட்டம்மாவைக் கூப்பிடுங்க. டேப் பிடிக்கணும்."

"அவ கம்பமெட்டுல இருக்கா சார். சித்தி வீட்டுல."

"போன ரெண்டு தடவையும் சரியா நின்னாங்களே."

"யாரு?"

"உங்க மனைவிதான். வீடியோல."

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியது. "நின்னாளா?... நீங்க கண்டுக்காம விட்டுட்டீகன்னுல்ல நெனச்சேன்" என்று வாய்க்குள் சொன்னான். பிறகு தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று குடத்தோடு போய்விட்டான்.

12:59. வெளிச்சுவரின் நீளம். இருபத்து நான்கு அடி.

1:06. உள்ளே. இரண்டு அறைகளையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினேன். இருபத்து இரண்டு.

மறுபடி அளந்தேன். இருபத்து இரண்டுதான். இரண்டு அடியைக் காணவில்லை.

சமையலறையில்தான் எங்கோ தவறு இருக்க வேண்டும். அங்கே ஜன்னல் சின்னது. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். பக்கத்து வீட்டு ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். டேப்பின் முனையை நீட்டினேன். திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

விரல்களில் சிமெண்ட் தூள். நகங்கள் இல்லை.

அதை நான் பார்த்தேன். ஆனாலும் ஒன்றும் தோன்றவில்லை. அப்படித்தான் இருந்தேன் நான்.

டேப்பை விட்டுக்கொண்டே பின்னால் நடந்து, அறை வாசலில் நின்றேன். பத்து அடி. குறித்துக்கொண்டேன்.

டேப் நகர்ந்தது.

பதினொன்று.

நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன். பன்னிரண்டு. பதினான்கு. சர்ர்ர்... என்று என் விரல்களுக்கு நடுவே ஓடியது. உள்ளங்கை கிழிந்து டேப்பெல்லாம் ரத்தம். நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் இல்லை.

இரும்பு டேப் நேராகப் போய்ச் சுவருக்குள் நுழைந்திருந்தது. ஓட்டை இல்லை. விரிசல் இல்லை. பூசிய சுவர்.

1:17. படம் எடுத்தேன். அது இருக்கிறது.

பின்னால் குடம் விழுந்து உடைந்தது. ஈஸ்வரபாண்டி. டேப்பைப் பார்த்தபடி நின்றான்.

"யாரு... பிடிச்சிருக்கா?"

"பச்சைச் சேலை கட்டின அம்மா."

அவன் கதவைச் சாத்தினான். தாழ் போட்டான். ஷீட்டுக்கு அடியில் கைவிட்டு அரிவாளை உருவினான்.

"கையெழுத்தப் போட்டுட்டுப் போயிரு சார். உனக்கு எதுக்கு இந்த வேல?"

"அந்த ரெண்டு அடியில என்ன இருக்கு?"

அரிவாளின் பின்பக்கத்தால் அடித்தான். தோள்பட்டை எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன். வயிற்றில் மிதித்தான். முகத்தில் மிதித்தான். ஒரு பல் தெறித்துத் தரையில் உருண்டது. ஃபாரத்தை என் மார்பில் போட்டு, பேனாவை என் விரல்களுக்குள் திணித்தான்.

வலித்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக வலித்தது.

"போடுலே!"

போட்டிருந்தால் விட்டிருப்பான். ஒரு கையெழுத்துத்தான். என் பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டேன். பிறகு அந்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

பேனாவை வீசினேன்.

அரிவாளைத் திருப்பிப் பிடித்தான். இந்தத் தடவை வாய்ப்பக்கம். ஓங்கினான்.

சர்ர்ர்...

டேப் தரையிலிருந்து எழுந்தது. அவன் மணிக்கட்டைச் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு. தோல் பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அரிவாள் விழுந்தது.

"ஏத்தா... விட்ருத்தா... நதியா..."

இழுத்தது.

முகம் சுவரில் மோதியது. தட்.

பின்னால் போனான். மறுபடி இழுத்தது. தட்.

மூக்கு இல்லை. தட்.

பற்கள். தட்.

சுவரெல்லாம் சிவப்பு. அவன் கத்தவில்லை. கத்த வாய் இல்லை.

தட்.

அந்தச் சத்தத்துக்குப் பதில் சத்தம் வந்தது.

உள்ளேயிருந்து.

தட்...

தட்...

1:31. தாழை நீக்கி வெளியே விழுந்தேன்.

பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "ஆத்தாடி, யாருய்யா உம்ம இப்படிப் போட்டு அடிச்சாக?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. நான் சுவர் என்று மட்டும் சொன்னேனாம். திரும்பத் திரும்ப.

5:40க்குப் போலீஸ் அந்தச் சுவரை இடித்தது. உள்ளே இரண்டு அடி இடைவெளி. அதில் நதியா இருந்தாள். நின்றபடியே காய்ந்திருந்தாள். பச்சைச் சேலை. சுவரின் உள்பக்கம் முழுக்க நகம் பிறாண்டிய கோடுகள். என் டேப் சுவருக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

ஈஸ்வரபாண்டி சாகவில்லை. தாடை நொறுங்கிவிட்டது. வலது கையை எடுத்துவிட்டார்கள். இடது கையால் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார்.

அந்த நிலம் அவள் அப்பா கொடுத்தது. வீட்டைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றித் தரச் சொன்னான். அவள் மறுத்தாள். மார்ச் 4 ராத்திரி தலையில் கல்லால் அடித்தான். செத்துவிட்டாள் என்று நினைத்து, மூலையில் சாத்தி வைத்துச் சுவர் எழுப்பி, மேலேயும் மூடினான். பூசி முடித்த பிறகுதான் அவள் தட்ட ஆரம்பித்தாள். மூன்று நாள் தட்டினாள். அவன் இடிக்கவில்லை.

வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் நான் வருகிறேன். அவன் எழுதியது இது:

"ஆறாம் தேதி சார் வீடியோவில் பார்த்தார். நான் மட்டும்தான் இருந்தேன். டேப்பின் அந்த முனையைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருந்தேன். நடுவில் சார் யாரோ ஒரு பெண்ணிடம் பேசினார். அவர் ஆபீஸில் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்."

எனக்கு அது நினைவில்லை. அன்று மட்டும் ஒன்பது வீடுகளை வீடியோவில் பார்த்தேன். கம்பெனியில் எல்லாம் பதிவாகும். போய் அந்தப் பதிவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 6. காலை 11:42.

இந்த முனையில் ஈஸ்வரபாண்டி. அந்த முனையில் பச்சைச் சேலையில் நதியா. அவளுக்குப் பின்னால் ஈரம் காயாத சுவர்.

தட்... தட்... தட்...

சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வருகிறது.

அவள் நேராக என்னைப் பார்க்கிறாள்.

"சார்... உள்ள..."

என் குரல் அவளை முடிக்க விடவில்லை.

"பேசாதீங்கம்மா. நேரமாகுது. டேப்ப மட்டும் இறுக்கிப் பிடிங்க. நான் நேர்ல வர்ற வரைக்கும் விட்றாதீங்க."