சுருள் எத்தனை?

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ இருக்கட்டும், பயிற்சி நிலையத்தில் அவளுக்குப் பெயர் சுருள் டீச்சர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொன்னார்கள். ஒருநாள் அவளே, "மூஞ்சிக்கு நேராவே சொல்லுங்கப்பா, ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிற வேலையாவது மிச்சமாகும்" என்றுவிட்டாள். அப்புறம் யாருக்கும் பயமில்லை. அவளுக்குத்தான் யாரிடமும் பயம் கிடையாதே!

மண்ணுக்கடியில் ஓடும் ஃபைபர் கேபிள் அறுந்துபோனால், எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்து ஒட்டுவதற்கு ஆட்களைத் தயார் செய்வது அவள் வேலை. கேபிளின் ஒரு முனையில் மெஷினை மாட்டினால் அது உள்ளே வெளிச்சத்தை அனுப்பும். அறுந்த இடத்தில் பட்டு வெளிச்சம் திரும்பும். இத்தனை மீட்டரில் கோளாறு என்று திரையில் நம்பர் வரும். ஆஹா, இவ்வளவுதானா என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் தொலைந்தீர்கள். பின்னால் ஒட்டு வேலைக்கு உதவட்டும் என்று, வழியில் இருக்கிற ஒவ்வொரு சேம்பரிலும், அதாவது மூடி போட்ட தொட்டியிலும், பத்துப் பதினைந்து மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். மெஷின் அந்தச் சுருளையும் சேர்த்து அளக்கும். ரோட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதனால்தான் யார் நம்பரோடு வந்து நின்றாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி: "சுருள் எத்தனை?"

இது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டே நாள் பயிற்சியோடு இவளையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிற லைன் அறுந்திருந்தது. இவள் நம்பரைப் படித்துச் சொன்னாள், ஆட்கள் தோண்டினார்கள். ஒன்றல்ல, நான்கு குழி. காலையில் செத்த ஃபோன் சாயங்காலம்வரை உயிர் பெறவில்லை. ஒரு நர்ஸ் வெளியே வந்து, "ரத்தம் கேட்டு ஃபோன் பண்ண முடியாம ஆளை ஓட விட்டிருக்கோம். நீங்க இங்க என்ன கிணறா வெட்டறீங்க?" என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது இவளுக்கு. கேபிள் அறுந்திருந்ததோ அறுபது மீட்டர் முன்னாலேயே. அன்றைக்கு வாங்கிய அவமானத்தை அவள் யாருக்காகவும் மறக்கத் தயாராக இல்லை.

இந்தத் தடவை வகுப்பில் பதினொரு பேர். அதில் ஒருத்தி அவளுடைய சொந்த நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. ஜவுளிக்கடையில் பதினாறு வருஷம் நின்றபடியே வேலை பார்த்து, கடையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவள். வீட்டில் இவள்மேல் அதிகாரம் செய்கிறவள் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்பாள். அந்த "டீச்ச"ரில் கிண்டல் சொட்டும்.

பயிற்சி பன்னிரண்டு நாள். நான்காவது நாள் காலையில் மேனேஜர் பதினொரு சான்றிதழோடு வந்து நின்றார்.

"திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். கையெழுத்தப் போட்டுடுங்க."

"இன்னும் எட்டு நாள் இருக்கே சார்."

"மெஷின் நம்பர் காட்டுது. அங்க போய்த் தோண்டணும். இதுக்குப் பன்னெண்டு நாளா? எனக்கே காது குத்தறீங்களா?"

அவளுக்குக் கோபம் மூக்குமேல் வந்து உட்கார்ந்தது. "அப்ப நீங்களே கண்டுபிடிங்க சார். பின்னாடி மைதானத்துல கேபிள் புதைச்சிருக்கேன். நேத்துதான் ஒரு இடத்துல அறுத்து வெச்சேன். கொடி நட்டுக் காட்டுங்க, பதினொண்ணுலயும் கையெழுத்துப் போடறேன்."

பதினொரு பேர் முன்னால் கேட்டுவிட்டாளே, மனுஷன் எப்படிப் பின்வாங்குவார்? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மெஷினைப் பார்த்தார். இருநூற்று ஐம்பத்தொன்று என்றது. அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கேபிள் போன வழியே கம்பீரமாக நடந்தார். இருநூற்று முப்பதாவது மீட்டரில் சக்கரம் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டியது. இன்னும் இருபத்தொரு மீட்டர் பாக்கி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் கடை.

மேனேஜர் சுவரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். எக்கிக் கட்டில் கடையையும் பார்த்தார்.

"சுருள் எத்தனை சார்?" என்று முதலில் கேட்டது நாத்தனார்தான். அப்புறம் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மூன்று சேம்பர், ஒவ்வொன்றிலும் பதினைந்து மீட்டர் சுருள். நாற்பத்தைந்தைக் கழித்தால் இருநூற்று ஆறு. கொடி நட வேண்டிய இடத்தைத் தாண்டி வந்து சுவரோடு நின்றுகொண்டிருந்தார் மேனேஜர். முகத்தில் ஈயாடவில்லை.

தோற்றவர் திருந்திவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? நல்ல கதை! அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கறதும் நிறுத்தறதும் என் கையிலதான். சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து என் மேஜைக்கு வரணும்."

மத்தியானம் வீட்டுக்காரரிடமிருந்து ஃபோன். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "ஊரை எல்லாம் நீதான் காப்பாத்தணுமா? சரி, மத்தவங்களை விடு. எங்க அக்காவுக்காவது போட்டுடேன்."

"உங்க அக்கா நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நாலு குழி வெட்டிட்டு நிக்கட்டுமா?" என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டாள். வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும்.

சாயங்காலம் சான்றிதழ்கள் மேஜைக்குப் போயின, கையெழுத்தோடுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் "தேர்ச்சி பெற்றார்" என்பதை அடித்துவிட்டு, முத்து முத்தான எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "நான்கு நாள் படித்தார். இன்னும் எட்டு நாள் பாக்கி."

"கையெழுத்து கேட்டீங்க, போட்டாச்சு" என்றாள்.

"நாளையிலேருந்து வரவேண்டாம்" என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் வழக்கம்போல வந்தாள். உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு என்றார் வாட்ச்மேன், அவள் முகத்தைப் பார்க்காமலே. மேனேஜரும் கேட்டுக்கு வந்துவிட்டார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து நாத்தனார் சாப்பாட்டு டப்பாவும் நோட்டுமாக நடந்து வந்தாள். கேட்டின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, தம்பி பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் மேனேஜர்.

"கிளாஸுக்கு. டீச்சர் இங்கதானே நிக்கறாங்க?"

அடுத்து ஒருவர், அதற்கடுத்து இருவர். கொஞ்ச நேரத்தில் பதினொரு பேரும் நடைபாதையில் நின்றார்கள். உள்ளே வகுப்பில் பெஞ்சுகள் மட்டும் இருந்தன. திங்கட்கிழமை அனுப்ப மேனேஜரிடம் ஒரு ஆள் இல்லை.

"சரி, உள்ள வந்து தொலைங்க" என்றார்.

அவள் அசையவில்லை. "பன்னெண்டு நாளா சார்?"

"பன்னெண்டு நாள்தாம்மா! ரோட்டுல நின்னு மானத்தை வாங்காதீங்க!"

அதன் பிறகுதான் காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் பரீட்சை. ஆளாளுக்குக் கேபிளை ஒவ்வொரு இடத்தில் அறுத்து வைத்திருந்தாள். நாத்தனாருக்கு வந்த கோளாறு இரண்டாவது சேம்பருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். விறுவிறுவென்று கணக்குப் போட்டு, மூன்று சுருளையும் கழித்து, எல்லோருக்கும் முன்னால் கொடியை நட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள் அந்த மகராசி. பதினைந்து மீட்டர் தள்ளி நட்டிருந்தாள்.

"மூணாவது சேம்பர் கோளாறுக்கு அந்தப் பக்கம் இருக்கு. வெளிச்சம் போகாத சுருளை ஏன் கழிச்சீங்க அண்ணி?"

நாத்தனார் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

பத்துப் பேருக்குக் கையெழுத்து விழுந்தது. பதினொன்றாவது காகிதம் நாத்தனாருடையது. கேட்டைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தவள், இவள் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவள். இருந்தும் பேனாவை மூடினாள். "அடுத்த வகுப்புக்கு வாங்க அண்ணி."

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதாடி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள் நாத்தனார்.

"இருக்கு அண்ணி. அதுக்காகக் கையெழுத்துப் போட முடியாது."

மூன்று நாள் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. வீட்டுக்காரர் தட்டைச் சத்தமாக வைத்தார். இவளும் பதிலுக்குச் சத்தமாகவே வைத்தாள்.

அடுத்த வகுப்பு தொடங்கிய அன்று கதவைத் திறந்தால், முதல் பெஞ்சில் புது நோட்டோடு நாத்தனார்.

"என்னடி பார்க்கறே? பாடத்தை ஆரம்பி. இந்தத் தடவை உன் கையெழுத்தை வாங்காம நான் எழுந்திருக்கப் போறதில்லை."