விருத்தாசலத்தில் துவைத்த பதாகை

காலை ஆறரைக்கு விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். விருத்தாசலம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். நின்று நின்று ஒன்பதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உட்கார இடமில்லை. கால் கடுத்தாலும் மனசு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பின்னே? இந்திய விடுதலை கேட்டு மலேயாவில் தோட்டத் தொழிலாளிகள் தூக்கிப்போன பதாகை இந்த ஊரில் இருக்கிறது! செல்வியக்காவின் கொள்ளுத் தாத்தா அதைச் சுருட்டிக் கப்பலில் கொண்டுவந்தாராம். சென்னையில் நண்பர்கள் நடத்தும் கண்காட்சிக்கு அதை வாங்கத்தான் போனேன். கீழே தாத்தா பெயரை எழுதி வைக்கணும். அக்கா போனில் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

“செராமிக் பேட்டை பக்கமா? பீங்கான் பொம்மை வாங்கவா சார்?”

“இல்லண்ணா, ஒரு துணி வாங்க.”

“துணிக்கு இங்க வர்ற மொத ஆளு நீங்கதான்!”

அக்காவுக்குப் பீங்கான் விளக்குகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலை. எனக்காக அரைநாள் லீவு போட்டிருந்தார். டீ கொடுத்துவிட்டுப் பாயில் பதாகையை விரித்தார். நாலு முழத் துணி. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மொடமொடவென்று இருந்தது. எழுத்தைத்தான் காணோம்.

“பொட்டியில கெடந்து ஒரே அழுக்கு. வர்றவங்க கையில அப்படியா குடுக்கறதுன்னு நேத்து ஊற வெச்சேன் தம்பி. தண்ணி செவசெவன்னு ஆயிடுச்சு.”

வந்த களைப்பெல்லாம் அப்போதுதான் உடம்பில் இறங்கியது.

சூளை வேலைக்குக் கிளம்பிய அவர் கணவர் முருகேசன் வந்து நின்றார். சட்டை திட்டுத் திட்டாக ரோஸ்.

“என் வெள்ளச் சட்டையயும் அதே பக்கெட்டுல போட்டுட்டா. ஊரே கத்திக்கிட்டுப் போன கோஷத்த இப்ப நான் ஒருத்தனே மாட்டிக்கிட்டுப் போறேன்!”

அக்கா சிரிக்கவில்லை. “எழுத்து இல்லன்னா கண்காட்சியில தாத்தா பேரு வராதுல்ல?”

சென்னை நண்பனுக்குப் போன் போட்டேன். “வெறும் துணிய மாட்டி என்னத்தடா காட்டுறது?”

முருகேசன் சட்டையைப் பார்த்தேன். “அண்ணா, இதயும் குடுப்பீங்களா?”

அவர் அங்கேயே கழற்றினார். “பட்டன போட்டு மாட்டுங்க. பாக்கெட்டு கிழிஞ்சிருக்குது, தெரியக் கூடாது.”

மறுபடி போன் போட்டு, எழுத்தின் சாயமெல்லாம் இந்தச் சட்டையில் ஏறியிருப்பதைச் சொன்னேன். “சரி, ரெண்டையும் கொண்டா. மாட்டிடலாம்.”

“தாத்தா பேரு சொல்லுங்கக்கா.”

“அய்யாக்கண்ணு. ஊரு கம்மாபுரம்னும் சேத்துக்கோ.”

திரும்பும் ரயிலிலும் உட்கார இடமில்லை. கதவோரம் நின்றபடியே, பதாகைக்குக் கீழே வைக்கிற அட்டையில் எழுதினேன்:

சுமந்தவர் கம்மாபுரம் அய்யாக்கண்ணு. துவைத்தவர் கொள்ளுப் பேத்தி செல்வி.