லூர்து அடிக்கும் ஆறு மணி

ஐந்தே முக்காலுக்கு லூர்து கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிடுகிறார். வலது கையில் ஒரு முழ நீள இரும்புக் கம்பி. இடது கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெயிலை மறைத்திருக்கிறார். கண் காவிரிப் பாலத்தின் மேல். பாலத்தை விட்டு இறங்கும் பஸ்ஸெல்லாம் அவருக்கு முகம் பார்த்தே தெரியும். “இது லால்குடி. இது சமயபுரம். நம்மது இன்னும் காணலைங்க.” நம்மது என்றால் மண்ணச்சநல்லூர் பஸ். அது வந்தால்தான் அவருக்கு மணி ஆறு.

சர்க்கார் மாலைக் கல்லூரியில் அவர் பியூன். ஒன்பது வருஷமாகத் தினக்கூலிப் பியூன். நிரந்தரம் ஆக்கச் சொல்லும் ஃபைல் சென்னையில் எங்கேயோ கிடக்கிறது. பகலில் அந்தக் கட்டடம் ஒரு பள்ளிக்கூடம். சாயங்காலம் அதே சின்ன பெஞ்சுகளில் மீசை வைத்த ஆண்கள் முழங்காலை இடித்துக்கொண்டு உட்காருவார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து வருகிறவன் நகத்தில் கிரீஸ் போகாது. உறையூர்த் தறிக்காரன் விரலில் சாயம் போகாது. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றவன் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் தூங்குவான். பகல் கல்லூரிகள் இவர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. இது ஒன்றுதான் இவர்களுக்கு.

பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் லூர்துவுக்கு இல்லை. தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார். “என்ன தறி, இன்னிக்கு முகம் வாடிக் கிடக்கு?” “சுருட்டு, போய் வாயைக் கொப்பளிச்சிட்டு வா.” கமர் ஜஹான் தையல் வேலை செய்கிற பெண். அவளுக்குப் பேர் ஊசி. ஒரு நாள் அவள் திருப்பிக் கேட்டாள்: “எங்களுக்கெல்லாம் பேர் வச்சீங்களே, உங்களை என்னன்னு கூப்பிடறது?” “இரும்புன்னு கூப்பிடு. அடி வாங்கறது நாந்தானே” என்றார் அவர்.

இரும்பு என்பது பூவரச மரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டு. ஆறு மணிக்குப் பன்னிரண்டு அடி. பன்னிரண்டாவது அடி விழுந்ததும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்துவார். ரீங்காரம் அப்படியே அடங்கும். அடங்கிய கணத்தில் வகுப்புகளில் பேர் கூப்பிடத் தொடங்குவார்கள். பேர் கூப்பிட்டு முடித்த பிறகு வருகிறவருக்கு அன்றைக்கு ஆப்சென்ட். ஒன்பது மணிக்கு மட்டும் எண்ணிக்கை கிடையாது, விடாமல் அடிப்பார். வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

நான் மில் வாசல்களில் நின்று யூனியன் நோட்டீஸ் கொடுத்தே கிழவனானவன். இப்போது சாயங்காலமானால் கல்லூரிக்கு எதிர் டீக்கடைதான். எந்தச் சங்கும் எவனுக்காகவும் அரை நிமிஷம் நின்றதை நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு மணி, பஸ்ஸுக்காக நிற்கிறது. முதல் நாள் பார்த்தபோது, “ஆறு அஞ்சு ஆச்சே, அடிக்கலையா?” என்று கேட்டுவிட்டேன். லூர்து என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. “நெல்லு வரலைங்க” என்றார்.

நெல்லு என்பது ராக்கம்மாள். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் களத்தில் நெல் காயவைக்கிற பெண். வயது இருபத்திரண்டு. ஐந்துக்கு மில்லை விட்டு ஓடிவந்து பஸ் ஏறி, இரண்டு ஆறுகளைத் தாண்டி வருகிறாள். கேட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். முகத்தில் ஒட்டிய உமியைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு ஓடுவாள். வாளியை வைப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் படிப்பது பி.யு.சி. பாஸானால் நர்ஸ் டிரெய்னிங்குக்கு மனுப் போடலாம். தை, மாசியில் அறுப்பு நெல் வந்து குவிந்தபோது மில்லில் விடவில்லை. பல நாள் வகுப்பு போயிற்று. இந்தப் பங்குனியில் கணக்குப் பார்த்தால் இன்னும் ஒரே ஒரு நாள் ஆப்சென்ட் விழுந்தாலும் பரீட்சைக்கு உட்கார முடியாது. அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த வருஷம் பி.யு.சி.யே கிடையாது. இதுதான் கடைசி வகுப்பு. இனி பிளஸ் டூவாம், பள்ளிக்கூடத்திலாம்.

“இந்த வயசுல நான் ரெட்டை ஜடை போட்டு ஸ்கூலுக்குப் போகவாண்ணே?” என்று அவள் லூர்துவிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஐந்தே முக்காலுக்கு முன்னாலேயே ரோட்டுக்கு வந்துவிடுகிறார். கம்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருக்கிறார். கழுத்துக் கயிற்றில் கிடக்கும் மாதா உத்தரியத்தை நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறார்.

இதற்கு நடுவில் புது ஹெட்கிளார்க் வந்தார். பேர் விக்டர். கெட்டவர் இல்லை. ரேடியோவை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துகிற ஆள். மணி தாமதமாக அடிப்பது ஏன் என்று லூர்துவுக்கு மெமோ கொடுத்தார். வேறு எவனாக இருந்தாலும் வயிற்றுவலி என்று எழுதியிருப்பான். லூர்து கமர் ஜஹானை விட்டு எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: ‘பஸ் வரவில்லை. ஆகையால் மணி அடிக்கவில்லை.’

விக்டர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாராம். “யோவ், உன் ஃபைல் மேல போயிருக்கு. இதை நான் அதோட சேர்த்தா நீ நாளைக்கு வீட்டுல இருக்கணும். புரியுதா?”

“புரியுதுங்க.”

“இனிமே ஆறுன்னா ஆறு.”

“சரிங்க ஐயா. பஸ்காரன்கிட்டயும் சொல்லிடறேங்க.”

ராக்கம்மாள் வகுப்புக்கு முதல் பீரியட் எடுக்கிறவர் யதிராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர், சைக்கிளில் வருவார். விதி தவறமாட்டார். லூர்து அவரிடமும் போய் நின்றார். “நான் கடியாரம் பாக்கறதில்லப்பா. உம்ம மணி ஓஞ்சாத்தான் வாயைத் திறப்பேன். ஓஞ்சப்புறம் ஒருத்தருக்காகவும் காத்துண்டிருக்க மாட்டேன். பெருமாளே வந்தாலும் ஆப்சென்ட்தான்” என்றார்.

பெருமாள் வந்தார். போன வாரம் உறையூரில் சேர்த்தி. ஸ்ரீரங்கத்துப் பெருமாள் உறையூர் நாச்சியாரைப் பார்க்க வருகிற நாள். சாயங்காலம் பாலத்தின் மேல் மனிதத் தலைதான் தெரிந்தது. பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக அசையாமல் நின்றன. கேட்டில் லூர்து. அவர் பக்கத்தில் விக்டர், கையில் கடிகாரத்தோடு. நான் எதிர் டீக்கடையில். என் கையிலிருந்த டீ ஆறிவிட்டது.

“ஆறு. அடி.”

லூர்து பாலத்தைப் பார்த்தார்.

“அடிய்யா.”

அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. உள்ளங்கை இரும்பின் அருகே போயிற்று. தொடவில்லை. கம்பி மறுபடி உயர்ந்தது. பதின்மூன்று. பதினாலு. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. அவர் விடாமல் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

விடாத மணி என்றால் கல்லூரி விட்டாயிற்று. இரண்டு வகுப்பு ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். “வந்ததும் விட்டாச்சா?” என்று ஒருவன் கேட்டான். “தலைவர் யாராச்சும் போயிட்டாரா?” என்றான் இன்னொருவன். ஜன்னல் வழியே யதிராஜன் தெரிந்தார். ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவை மூடாமல், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

“நிறுத்துய்யா. பைத்தியமா உனக்கு?” விக்டர் கையைப் பிடிக்கப் போனார். “நான் அடிக்கச் சொன்னது பன்னெண்டு.”

“எண்ணிக்கை விட்டுப்போச்சுங்க ஐயா. மொதல்லேருந்து எண்ணிக்கிட்டிருக்கேன்.”

அவர் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. கம்பி வழுக்கியது, இரண்டு கையாலும் பிடித்து அடித்தார். கண் மட்டும் பாலத்தை விட்டு நகரவில்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து ராக்கம்மாள் வந்தாள். பஸ்ஸைப் பாலத்திலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். இரண்டு செருப்பும் ஒரு கையில், நோட்டு இன்னொரு கையில். தலையெல்லாம் உமி. வாளியைத் தாண்டி, விக்டரைத் தாண்டி, அப்படியே வகுப்புக்குள் போனாள். லூர்து அடித்துக்கொண்டே கழுத்தை வளைத்து ஜன்னலைப் பார்த்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகுதான் அவர் கம்பியைத் தாழ்த்தி, நடுங்கிக்கொண்டிருந்த இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.