மூன்று தரைக்கு மூன்று பூட்ஸ்

பத்தொன்பது வயதுவரை நான் காலில் எதையும் மாட்டியதில்லை. சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். எங்கள் ஆட்கள் யாருக்கும் செருப்புப் பழக்கம் கிடையாது. ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலில் மாட்டிப் பார்க்கச் சொன்னார் ஸ்டோர்காரர். கால் உள்ளே போகவே சிரமப்பட்டது. சிப்பாய்க்கு இறுக்கம்தான் அழகு என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த பூட்ஸோடுதான் வடமேற்கு எல்லை மலைக்குப் போனேன். அங்கே குளிருக்குக் காலுறையாகக் கம்பளி மேஜோடு இரண்டு ஜோடி கொடுத்தார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அந்தக் குறுகிய பூட்ஸுக்குள் காலைத் திணித்தேன். முதல் நாள் வலி தாங்க முடியவில்லை. இரண்டாம் நாள் வலி நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நான்காம் நாள் கழற்றிப் பார்த்தபோது இடது காலில் கடைசி இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. கூடார ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். குளிரால் வந்தது என்று டாக்டர் எழுதினார்.

எனக்கு அதில் சம்மதமில்லை. என் கூடாரத்திலேயே சேலத்துச் சிப்பாய் ஒருவன் இருந்தான். அவன் அளவு ஸ்டோரில் தீர்ந்துபோய், இரண்டு அளவு பெரிய பூட்ஸ் அவன் தலையில் கட்டப்பட்டிருந்தது. உள்ளே கம்பளித் துண்டைப் போட்டு, மேஜோடு இரண்டையும் மாட்டிக்கொண்டு, வாத்து மாதிரி நடப்பான். வழியெல்லாம் அவனைக் கேலி செய்தோம். அதே குளிரில், அதே பாறையில், அதே நாலு நாள் நடந்தான். அவனுக்கு ஒரு விரலும் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வேறு எதையும் நான் நினைக்கவில்லை, இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டேன். அடையாற்றங்கரையில் ஒரு பங்களாத் தோட்டத்துக்குக் காவல் வேலை கிடைத்தது. பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றிருந்ததால் தோட்டத்துக் கடிதங்களையும் பார்த்துக்கொண்டேன். இப்படிச் சில வருஷம் ஓடிற்று.

ஒரு காலை மயிலாப்பூர்க் கச்சேரி ரோடு வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு தோல் பட்டறையின் வாசலில் புதுப் பட்டாளத்து பூட்ஸ் ஒரு ஜோடி தொங்கியது. கனமான தோல், அடியில் நெருக்கமாக ஆணி, உள்ளே தடித்த துணி. அருமையான வேலை. நின்று கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து பட்டறைக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும், நரைக்காத தாடி, முழங்கை வரை மெழுகு. நாலு தலைமுறையாக மயிலாப்பூரிலேயே இருக்கும் குடும்பம். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவார்கள்.

"இன்னா நைனா, வாங்கப் போறியா, பாத்துகினே நிக்கப் போறியா?" என்றார்.

இது எந்த ஊருக்குப் போகிற பூட்ஸ் என்று கேட்டேன். பட்டாளம் மூன்று பிரிவாகப் புறப்படுகிறது என்றும், ஒன்று எல்லை மலைக்கு, ஒன்று பர்மாவுக்கு, ஒன்று வடக்கே மணற்காட்டு முகாமுக்கு என்றும் சொன்னார். உள்ளூர்ப் பட்டறைகளிடம் மாதிரி கேட்டிருக்கிறார்கள். இது அவருடைய மாதிரி.

"மூணு எடத்துக்கும் இதுவேவா?"

"பின்னே? இதவிட ஒஸ்தியா எவன் தைப்பான்?"

"வேல ஒஸ்திதான் பாய். மலைக்குப் போறவன் காலு திரும்பி வராது" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். நான் இடது கால் செருப்பைக் கழற்றினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். மறுநாளிலிருந்து காலையில் தோட்டம், மத்தியானத்துக்கு மேல் பட்டறை என்று என் வேலை மாறியது.

மலை பூட்ஸ்தான் முதலில். அளவைவிடப் பெரிதாக வெட்டச் சொன்னேன். இரண்டு மேஜோடு போட்ட பிறகும் உள்ளே விரல் அசைய வேண்டும். அடியில் கம்பளி அட்டை. ஆணி விஷயத்தில் பாயே ஒன்றைச் சொன்னார். இரும்பு ஆணி அடித்தோல் முழுவதையும் துளைத்து மேலே வந்தால் குளிரை நேரே பாதத்துக்குக் கொண்டுவரும் என்பது அவர் கணிப்பு. ஆகவே தோலை இரண்டடுக்காகப் போட்டு, ஆணியைக் கீழடுக்கோடு நிறுத்தினார். அது எனக்குத் தோன்றியே இருக்காது.

மணலுக்கு ஆணியே வேண்டாம் என்றேன். மணலில் ஆணி பிடிக்காது, பாரம்தான். அகலமான அடி, கணுக்காலில் மணல் புகாதபடி இறுக்கும் பட்டை. இதைப் போட்டுக்கொண்டு குப்பத்திலிருந்து கடலோரமாகத் திருவான்மியூர்வரை நடந்து பார்த்தேன். சொந்தக்காரர்கள் வலையை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"போன ரெண்டு வெரலு பத்தாதா? இன்னாத்துக்கு மறுபடியும் இந்த பூட்ஸக் கட்டிகினு அலையுற?" என்று கேட்டாள்.

இனி யாருக்கும் போகக்கூடாது என்றுதான் என்றேன். மறுநாள் அவள் பழைய கம்பளியைக் கிழித்து, அட்டைக்கு மேலே ஒட்டுவதற்குத் துண்டுகள் வெட்டிக் கொடுத்தாள்.

பர்மா பூட்ஸ்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அங்கே போய் வந்தவர்களை விசாரித்தேன். மழையும் சேறுமான காடு, எப்பேர்ப்பட்ட பூட்ஸானாலும் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வந்துவிடும், வந்தது வெளியே போகாது, கால் நாளெல்லாம் ஊறி வெந்துபோகும் என்றார்கள். தண்ணீரைத் தடுக்க முடியாதென்றால் வெளியே விட்டுவிடலாம் என்று எனக்குப் பட்டது. உள்துணியை எடுத்துவிட்டு, கொழுப்புத் தடவிய மெல்லிய தோலில் தைத்து, அடியோரமாக இரண்டு ஓட்டை போட்டுப் பித்தளை வளையம் அடித்தோம். அடையாற்று முகத்துவாரச் சேற்றில் இறங்கினேன். தண்ணீர் அழகாக வெளியே போயிற்று. அதே ஓட்டை வழியாக மணல் உள்ளே வந்தது. ஒரு மைல் நடப்பதற்குள் பாதம் உரிந்து ரத்தம் வந்துவிட்டது.

பாய் அந்த பூட்ஸை மூலையில் எறிந்தார். இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டையைப் பாதத்தின் உள்பக்க வளைவுக்கு, விரற்கடை மேலே ஏற்றி, உட்புறம் வடிகட்டியில் போடும் பித்தளைக் கம்பி வலையை வைத்துத் தைத்திருந்தார். அன்று மூன்று மைல் நடந்தேன். தோல் கிழியவில்லை. பட்டறைக்குள் ஈரக் காலோடு வந்து நின்றபோது பாய் என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

மாதிரிகளைப் பார்க்க வந்த அதிகாரி ஒரு வெள்ளைக்கார கேப்டன். சிடுசிடுப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் மாதிரியும் மேஜையில் இருந்தது. எல்லா ஊருக்கும் ஒரே பூட்ஸ். எங்கள் மூன்று ஜோடியையும் பார்த்து, வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று வகையை ஸ்டோரில் வைத்துக் கட்டி அழ யாரால் முடியும் என்றார். பாய் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அந்த இடத்தில் எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. பட்டாளத்து ஹிந்துஸ்தானியில், துரை அரைமணி நேரம் எங்களோடு வரவேண்டும் என்று கேட்டேன்.

ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலை இருந்தது. அதன் மேஸ்திரி பாய்க்குத் தெரிந்தவர். கட்டிகளை அடுக்கும் அறைக்குள் கேப்டனை அழைத்துப் போனோம். அவருடைய இரண்டு காலிலும் இரண்டிரண்டு கம்பளி மேஜோடு. இடது காலில் அவர் அளவுக்கே கம்பெனி பூட்ஸ், வலது காலில் எங்கள் மலை பூட்ஸ். ஐஸ் கட்டிமேல் நிற்கச் சொன்னேன். முதலில் அவருக்கு அது விளையாட்டாக இருந்தது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் ஐஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்தார். பத்து நிமிஷத்தில் பேச்சு குறைந்தது. இடது காலை மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தார். இருபது நிமிஷம் ஆவதற்குள் கீழே இறங்கி, உட்கார்ந்து, இடது பூட்ஸை அவரே கழற்றி எறிந்துவிட்டு விரல்களைத் தேய்த்தார். வலது காலை அப்படியே விட்டுவிட்டார்.

பாய் என் பக்கம் சாய்ந்து, "கெலிச்சிட்டே நைனா" என்றார்.

முழுக்க ஜெயிக்கவில்லை. மற்ற இரண்டையும் நடந்து காட்டச் சொன்னார் கேப்டன். ஐப்பசி மழையில் ஒரு நாள் குறித்து, பன்னிரண்டு சிப்பாய்களை அனுப்பினார். ஆறு பேர் காலில் கம்பெனி பூட்ஸ், மற்ற ஆறு பேரில் மூவருக்கு மணல் பூட்ஸ், மூவருக்கு பர்மா பூட்ஸ். சாந்தோமிலிருந்து மணல் வழியே முகத்துவாரம், முழங்கால் சேற்றைக் கடந்து திருவான்மியூர், திரும்ப அதே வழி. மழை விடாமல் கொட்டியது. கேப்டன் குதிரையில் வந்தார். நான் கூடவே நடந்தேன். நொண்டி நடைதான், ஆனால் பின்தங்கவில்லை.

சேற்றைக் கடந்து கரையேறியதும் வித்தியாசம் தெரிந்தது. பர்மா பூட்ஸ் போட்ட மூவரும் அடி வைக்கும்போதெல்லாம் உள்பக்க வளையத்திலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. பத்தடி நடப்பதற்குள் உள்ளே தண்ணீர் இல்லை. கம்பெனி பூட்ஸுக்குள் துணி ஊறிச் சளக் சளக் என்றது. திருவான்மியூர்க் கோயில் குளத்தருகே உட்காரவைத்துக் கழற்றிப் பார்த்தார்கள். அந்த ஆறு பேரில் நான்கு பேருக்குக் குதிகாலில் கொப்புளம். அவர்களை மாட்டுவண்டியில் ஏற்றவேண்டியதாயிற்று. எங்கள் ஆறு பேரும் திரும்பி நடந்தார்கள். சாந்தோம் மணலை எட்டியபோது அவர்களில் ஒருவன் பாட ஆரம்பித்துவிட்டான். குப்பத்து ஜனங்கள் மழையில் நனைந்துகொண்டு வெளியே வந்து கூச்சல் போட்டார்கள். அன்றைக்கு யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கேப்டன் குதிரையிலிருந்து இறங்கி, ஈரக் கையோடு முதலில் பாயின் கையையும் பிறகு என் கையையும் பிடித்துக் குலுக்கினார். மூன்று வகையையும் ஸ்டோரில் வைக்கிறேன் என்றார்.

அளவெடுக்கும் வேலையும் என்னிடமே வந்தது. மத்தியானம், நடந்து கால் உப்பிய பிறகுதான் எடுப்பேன். இரண்டு மேஜோட்டோடு, முதுகில் முழு மூட்டையோடு நிற்கவைத்து எடுப்பேன். இவ்வளவு தொளதொளப்பாகச் சிப்பாய் போடக்கூடாது என்று ஒரு ஹவில்தார் சண்டைக்கு வந்தார். கேப்டன் அவரை அழைத்து, ஐஸ் அறைக்குப் போகிறாயா என்று கேட்டாராம். அதன்பிறகு அவரே வரிசையில் வந்து நின்று காலை நீட்டினார்.

மலைக்குப் போன பிரிவு ஒரு முழுக் குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு வந்தது. வந்த மறுநாள் அந்த ஹவில்தார் பட்டறைக்கு வந்தார். பனியில் எல்லோரும் நடந்தோம், ஒருவன் காலுக்கும் சேதமில்லை என்று சொன்னார். இரண்டு தடவை சொன்னார். பாய் அவரை உட்காரவைத்து உபசரித்தார்.

வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டி நிறைய பூட்ஸ், அடி தேய்ந்து, ஆணி மழுங்கி, புது அடி போடுவதற்காக. மேல்தோல் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பாய் ஒன்றை எடுத்துத் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். பட்டறை ஆட்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஆளும் வந்துட்டான், ஜோடும் வந்துடுச்சு" என்றார் பாய். "வா நைனா, எறக்கலாம்."

இருவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்குப் போனோம்.