அறுப்பின் பண்டிகையும் என் பல் செட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. நான் குழித்துறைப் பக்கம் வாழைக்குலைக் கடை வைத்திருப்பவன். பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த குலை, தேங்காய், சேவல், பூசணி எல்லாவற்றையும் ஆலய முற்றத்திலேயே ஏலம் விடுவோம். வெகுகாலமாக மைக்கைப் பிடித்து ஏலம் விடுவது நான்தான். கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்காருகிற ஆள் நான். அந்த ஒரு நாள் மட்டும் ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். விட்டுக்கொடுக்க மனசு வருமா?

அந்த வாய்க்குத்தான் வந்தது வினை. மேல்வரிசைப் பல் அத்தனையும் போய், செட் வைத்துச் சில வருடம் ஆகியிருந்தது. திடீரென்று அண்ணம் எரியத் தொடங்கியது. மீன்குழம்பு பட்டால் உயிர் போய் உயிர் வந்தது. மரச்சீனிக் கிழங்கை வெறும் தேங்காய்த் துருவலோடு தின்று நாட்களை ஓட்டினேன். விஷயம் எப்படியோ சபைச் செயலாளர் காதுக்குப் போய், இந்த வருடம் வேறு ஆளை வைக்கலாமா என்று தன்மையாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு நேராகப் பல் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். செட்டைக் கழற்றச் சொல்லி, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, கண்ணாடியில் எனக்கும் காட்டினார். செட் மூடியிருந்த இடம் முழுக்க ரத்தச் சிவப்பு. அதற்கு வெளியே ஒன்றுமே இல்லை.

“பூஞ்சை, அங்கிள். ராத்திரி செட்ட களத்தி வைக்கியளா, இல்லியா?”

இல்லை என்றேன். அதை வைத்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூடக் கழற்றியதில்லை. கழுவுவதுகூடக் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டுதான். செட் இல்லாவிட்டால் கன்னம் ஒட்டி, கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்த என் அப்பாவின் முகம் வந்துவிடும். அந்த முகத்தை மனைவி பார்த்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

சில வாரம் செட்டையே போடாதீர்கள் என்றார் டாக்டர். பண்டிகை இருக்கிறது, மாத்திரை எழுதித் தாருங்கள் என்றேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொன்னேன். எழுதப்போன பேனாவை அப்படியே வைத்துவிட்டார். பூஞ்சைக்கான மாத்திரைகளில் சில அதோடு சேர்ந்தால், ரத்தக் கசிவு நிற்காமல் போய்விடுமாம். வாய்ப்புண்ணுக்கு மருந்துக் கடையில் சொல்லி ஏதாவது மாத்திரை வாங்கித் தருகிறேன் என்று என் மச்சினன் அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். வாங்கி விழுங்கியிருந்தால் ஏலமாவது ஒன்றாவது!

“செட் இல்லாம நான் மைக்க பிடிக்க மாட்டேன் டாக்டர். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்று நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். என் இதய டாக்டரிடம் போனில் பேசினார். பிறகு செட்டின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து, ஒரு பொடியையும் திரவத்தையும் மாவு மாதிரிக் குழைத்தார். செட்டுக்கு உள்ளே மெத்தென்று பூசுகிற பூச்சு அது. அந்தப் பொடியோடு பூஞ்சை மருந்துப் பொடியையும் கலந்திருந்தார். இந்த மருந்து ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது. எச்சில் சட்டென்று அடித்துக்கொண்டு போகாமல் புண் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்று விளக்கினார். வாராவாரம் வந்து பூச்சை மாற்ற வேண்டும்.

“ஒரே ஒரு கண்டிஷன் அங்கிள். ராத்திரி களத்தியே ஆகணும். இல்லேன்னா நான் மருந்து கலக்குனதுல பிரயோஜனமே இல்ல.”

அன்றிரவு சாப்பிட்டதும் செட்டைக் கழற்றி, அவர் தந்த டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். மனைவி என்னவோ கேட்டாள். திரும்பாமலே பதில் சொன்னேன்.

“செவருகிட்டயா பேசுகிய? இஞ்ச திரும்புங்க.”

திரும்பினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையணையைத் தூக்கிப் பிடித்து, “இத ஏலம் விளிங்க, பாப்போம்” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் விடவில்லை. “ஒரு தரம்” என்றேன். பாதி வெறும் காற்றாகப் போனது.

“ஒண்ணும் வெளங்கல்ல. வெப்ராளப்படாம, பதறாம பைய சொல்லுங்க.”

வார்த்தையை நீட்டி, நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னேன். “அஞ்சு ரூவா!” என்று தலையணைக்கு ஏலம் கேட்டாள். என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதன் பிறகு இது எங்களுக்குப் படுக்கும் முன் விளையாட்டாகவே ஆகிவிட்டது.

பண்டிகை வந்தபோது சிவப்பு பாதிக்கு மேல் வடிந்திருந்தது. செட்டோடு மைக்கைப் பிடித்தேன். சேவல் போனது, பூசணி போனது, மட்டி வாழைக் குலைகள் போயின. நல்ல வெயில். கத்திக் கத்தி, அண்ணத்தில் பழைய எரிச்சல் தலைகாட்டியது. எரிந்தால் உடனே கழற்றிவிட வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. மிச்சம் இருந்ததோ எல்லாரும் காத்திருந்த பெரிய செவ்வாழைக் குலை. செயலாளர் பக்கத்தில் வந்து, “மைக்க நான் பிடிக்கட்டா?” என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். பையிலிருந்த டப்பாவை எடுத்தேன். அத்தனை பேர் முன்னாலும் செட்டைக் கழற்றி அதில் வைத்து மூடினேன். முற்றம் கப்சிப். ஒரு குழந்தை மட்டும் களுக்கென்று சிரித்தது. இருந்தாலும் நீட்டி, நிறுத்தி, குலையைக் காட்டிக் கூவினேன். யாரும் ஏலம் கேட்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “அஞ்சு ரூவா!”

அவ்வளவு பெரிய குலைக்கு அஞ்சு ரூபாயா என்று முற்றமே சிரிப்பில் அதிர்ந்தது. அந்தச் சிரிப்போடு நாலா பக்கமிருந்தும் விலை ஏறத் தொடங்கியது. பல் இல்லாத வாயால் மூன்று தரமும் சொல்லி முடித்தேன்.

பண்டிகைக்குப் பிறகும் வாராவாரம் போய்ப் பூச்சை மாற்றினேன். புண் முழுக்க ஆறியது. இன்றும் படுக்கும் முன் ஜன்னலோரத்து டப்பாவில் செட்டைப் போட்டுவிட்டு, மனைவி பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன். இந்த முகத்துக்கும் முதல் ஆளாக ஏலம் கேட்க ஒருத்தி இருந்தாள் என்பதை நினைத்தால், அத்தனை வருடம் அதை அவளிடமிருந்து ஒளித்து வைத்தது வீண் என்றுதான் தோன்றுகிறது.